கிருமிக்கும் ஒரு கிருமி உண்டு: ஃபேஜ் பற்றி ஓர் எளிய அறிமுகம்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அப்பாவுக்குப் பாதத்தில் புண். செம்பனை மட்டையின் முள் குத்தியிருக்கிறது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர், காலில் உணர்ச்சி குறைவு, அதனால் குத்தியதே தெரியவில்லை. தெரிந்தபோது உள்ளே சீழ் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் முடிவுதான் அந்தத் தாள். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஓர் எழுத்து.

"பெரியம்மா, ஆர், எஸ்னு போட்டிருக்காங்களே, என்னா அர்த்தம்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் இந்த மாதிரித் தாள்கள் என் வீட்டு வாசலுக்கு அடிக்கடி வரும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடியும். ஆர் என்றால் மசியாது. அவன் அப்பாவின் தாளில் ஆறு ஆர், இரண்டு எஸ். கிருமியின் பெயர் சூடோமோனாஸ் எருஜினோசா.

எனக்கு நன்றாகப் பழகிய கிருமி அது. தட்டில் வளர்ந்தால் பச்சை நிறம் இறங்கும். புண்ணில் வளர்ந்தால் கட்டுத்துணியிலும் அந்தப் பச்சை தெரியும். தட்டின் மூடியை லேசாகத் தூக்கினாலே பழுத்த திராட்சை வாசம் வரும். புண்ணில் குடியேறினால் லேசில் வெளியேறாது.

பையன் படிவம் ஐந்து படிக்கிறான், கேள்வி கேட்கத் தெரிந்தவன். "பெரியம்மா, வைரஸ விட்டே இந்தக் கிருமிய சாகடிக்கலாம்னு ஒரு வீடியோல பாத்தேன். நெசமா?" நிஜம்தான் என்றேன். ஆனால் அந்த "நிஜம்தான்" என்ற சொல்லுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது. அன்று அவனுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நாம் கிருமி என்று ஒரே சொல்லில் சொல்வதில் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பாக்டீரியா ஓர் உயிரணு. அது தானே சாப்பிடும், தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். வைரஸால் அப்படி முடியாது. அதன் உடம்பு என்பது ஒரு புரத உறை, உள்ளே கொஞ்சம் மரபணு, அவ்வளவுதான். இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. மனிதனின் உயிரணுவுக்குள் புகும் வைரஸ் உண்டு, கோழிக்கு உண்டு, மிளகாய்ச் செடிக்கு உண்டு. பாக்டீரியாவுக்குள் மட்டும் புகும் வைரஸும் உண்டு. அதற்குத்தான் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். "தின்பது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். உண்மையில் அது எதையும் தின்பதில்லை. அது செய்யும் வேலை வேறு.

அளவைச் சொன்னால் பிடிபடும். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீளம். அதைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜ் அதிலும் பத்தில் ஒரு பங்கு. செம்பனைக் குலைகளை அடுக்கிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரியைப் பாருங்கள். பாக்டீரியா அந்த லாரி என்றால், ஃபேஜ் அதிலிருந்து சாலையில் உருண்டு விழுந்த ஒற்றைக் குலை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியா தெரியும், ஃபேஜ் தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு, 1940 வாக்கில்தான் மனிதக் கண் அதன் உருவத்தைப் பார்த்தது. மேலே பட்டை தீட்டிய கல் மாதிரி ஒரு தலை, கீழே குழாய் போல ஒரு வால், வாலின் அடியில் சிலந்திக் கால் மாதிரி ஆறு இழைகள். எல்லா ஃபேஜும் இந்த உருவத்தில் இருப்பதில்லை என்றாலும், டி4 படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்தக் கால்கள் நடப்பதற்கு இல்லை. ஃபேஜ் எங்கேயும் போகாது, எதையும் துரத்தாது. தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மிதக்கும்போது ஏதாவது ஒரு பாக்டீரியாவின் மேல் மோதும். அந்தக் கால் இழைகள் பாக்டீரியாவின் தோலைத் தடவிப் பார்க்கும். தேடும் பொருள் அங்கே இல்லை என்றால் நழுவிப் போய்விடும். இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு வால் சுருங்கி, உள்ளே இருக்கும் குழாய் பாக்டீரியாவின் தோலைத் துளைக்கும். தலையில் அடைத்து வைத்திருந்த டிஎன்ஏ, அதாவது அதன் மரபணுச் சரக்கு, அந்தக் குழாய் வழியாக உள்ளே இறங்கும். உறை வெளியிலேயே நின்றுவிடும்.

உள்ளே போனது வெறும் டிஎன்ஏ. ஆனால் அது ஒரு கட்டளைத் தாள். ஓர் ஆலைக்குள் அந்நியன் ஒருவன் நுழைந்து, இன்றைக்கு எண்ணெய் பிழிய வேண்டாம், இனி நான் சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்று ஆணையிட, இயந்திரங்களும் ஆட்களும் அப்படியே கீழ்ப்படிந்தால் எப்படி இருக்கும்? பாக்டீரியாவின் இயந்திரங்கள் தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜின் தலைகளையும் வால்களையும் செய்யத் தொடங்கும். செய்து, பூட்டி, டிஎன்ஏவை அடைத்து முடித்ததும், உள்ளிருந்தே சுவரைக் கரைக்கும் ஒரு நொதியம் (என்சைம்) வேலையைக் காட்டும். பாக்டீரியா வெடிக்கும். டி4 விஷயத்தில் நுழைந்ததிலிருந்து வெடிப்பது வரை ஏறக்குறைய அரை மணி நேரம். வெளியே வருவது நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட புதிய ஃபேஜ்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று நூறாகும். நூறு பத்தாயிரமாகும். அடுத்த அரை மணி நேரத்தில் பத்து லட்சம், அதற்கடுத்து பத்துக் கோடி. பாக்டீரியா தாராளமாகக் கிடைத்தால் இரண்டே மணி நேரம் போதும். மாத்திரை உடம்புக்குள் போனதும் அளவில் குறைந்துகொண்டே வரும். இரை இருக்கும்வரை ஃபேஜ் கூடிக்கொண்டே போகும், இரை தீர்ந்தால் தானும் குறைந்துபோகும். இந்த ஒரு வித்தியாசம்தான் மருத்துவர்களை நூறு வருடமாக இதன் பின்னால் இழுக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. என் பயிற்சிக் காலத்தில் ஒருமுறை செய்து காட்டினார்கள், இன்னும் மனதில் நிற்கிறது. கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றும் பொருள் அகார். தீபாவளிக்கு நம் வீடுகளில் பந்தான் இலை போட்டு, கலர் கலராக வெட்டி வைக்கும் அதே அகார்-அகார்தான். மலாய்ச் சொல்லே உலகம் முழுக்க லேப்களில் புழங்குகிறது. 1880களில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் உருகிப்போய்த் தொல்லை கொடுத்தபோது, அங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தன் சமையலறையில் பயன்படுத்திய அகாரைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்த நட்பு வழியாக அவருக்கு அது தெரியவந்திருந்தது. நம் பக்கத்துக் கடல்பாசி அப்படித்தான் மருத்துவத்துக்குள் நுழைந்தது.

அந்த அகாரில் பாக்டீரியாவையும் துளியூண்டு ஃபேஜையும் கலந்து ஊற்றி, 37 டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை எடுத்தால், தட்டு முழுக்கப் பாக்டீரியா பாய் விரித்தது போல வெளிர் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. அந்தப் பாயில் அங்கங்கே குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு துளை வழியாகவும் விளக்கு தெரிந்தது. ஒரு துளை என்பது ஒற்றை ஃபேஜ் விழுந்த இடம். அது பெருகி, சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெடிக்கவைத்து உண்டாக்கிய வெற்றிடம். துளைகளை எண்ணினால் எத்தனை ஃபேஜ் போட்டோம் என்று தெரிந்துவிடும். இன்றைக்கும் ஃபேஜை எண்ணுவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, எல்லா ஃபேஜும் எல்லாக் கிருமியையும் கொல்லுமா? கொல்லாது. விஷயத்தின் மையமே இதுதான். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஒரு ஃபேஜுக்குத் தெரிந்தது ஒரு வகைப் பாக்டீரியாவின் தோல்தான். பல நேரங்களில் அந்த வகைக்குள்ளும் சில கிளைகளை மட்டுமே அதற்கு அடையாளம் தெரியும். இரண்டு பேரின் காலில் சூடோமோனாஸ் இருந்தாலும், ஒருவருக்கு வேலை செய்த ஃபேஜ் இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போகலாம்.

பையனுக்கு இது புரிவதற்காகக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். கத்தரிச் செடி ஒன்று இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு கிடந்தது. தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி கிளாஸில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி தொங்கவிட்டேன். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒன்று தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது. அவன் முகத்தைக் கிளாஸின் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அந்த நூல் முழுக்கப் பாக்டீரியா, பெயர் ரால்ஸ்டோனியா. தண்டின் நீர்க்குழாயை அடைத்துச் செடியைக் கொல்வது அதுதான். ரால்ஸ்டோனியாவுக்கென்று ஃபேஜ்கள் இருக்கின்றன, தக்காளிப் பயிரில் அவற்றை விட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அவன் அப்பா வேலை செய்த தோட்டத்தில் செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மாவுக்கு எந்த ஃபேஜும் உதவாது, ஏனென்றால் அது பூஞ்சை. மனித உயிரணுவுக்கும் ஃபேஜால் கதவு திறக்கத் தெரியாது. அதனால்தான் அதை உடம்புக்குள் செலுத்த மனிதன் துணிகிறான்.

இயற்கையில் இவை எங்கே இருக்கின்றன? பாக்டீரியா இருக்கும் எல்லா இடத்திலும். ஆலைக் கழிவுநீர்க் குளம், மாட்டுக் கொட்டகை, வீட்டுக் கால்வாய், நம் குடல், நம் வாய். உலகத்தில் உள்ள ஃபேஜ்களின் எண்ணிக்கையை 1க்குப் பின்னால் 31 பூஜ்யம் போட்டுக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். கடலின் மேல்மட்டத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி வைரஸ்கள், பெரும்பாலும் ஃபேஜ்கள். கடலில் உள்ள பாக்டீரியாவில் ஐந்தில் ஒரு பங்காவது ஒவ்வொரு நாளும் இவற்றால் வெடித்துச் சாகிறது என்று மதிப்பிடுகிறார்கள். செத்தவற்றின் உடம்பில் இருந்த சத்து தண்ணீரில் கலந்து, மற்றச் சிற்றுயிர்களுக்கு உணவாகிறது. பங்கோர் தீவில் கடலில் கால் நனைக்கும்போது நம் கால்விரல்களைச் சுற்றி நடப்பது இதுதான்.

1896ல் இந்தியாவில் எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று எழுதினார். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் கண்டார். பின்னால் வந்தவர்கள் பலர் இதை ஃபேஜின் முதல் தடயமாகக் கருதுகிறார்கள். நம் பெரியவர்கள் இதைக் கேட்டதும் கங்கையின் புனிதம் என்பார்கள். நம்பிக்கையைத் தொட நான் விரும்பவில்லை. ஆனால் இதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சுத்தமானது என்ற முடிவுக்குப் போகக் கூடாது. காலராவுக்கான ஃபேஜ் ஒரு தண்ணீரில் ஏராளமாக இருக்கிறது என்றால், காலராக் கிருமியும் அங்கே ஏராளமாக இருந்தது என்றுதான் அர்த்தம். இரை இல்லாத இடத்தில் வேட்டைக்காரன் பெருக முடியாது.

இன்னொன்று, ஃபேஜ் எப்போதும் பாக்டீரியாவின் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். சில வகை ஃபேஜ்கள் உள்ளே நுழைந்ததும் வெடிக்கவைப்பதில்லை. தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு கோத்துவிட்டு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் போல அமைதியாகத் தங்கிவிடும். பாக்டீரியா பிரியும் போதெல்லாம் அதுவும் பிரதியெடுக்கப்படும். ஏதாவது நெருக்கடி வந்தால் விழித்துக்கொண்டு வெடிக்கவைக்கும். சில சமயம் தங்கியிருப்பவர் வீட்டுக்காரருக்கு ஆயுதமும் கொடுத்துவிடுவார். காலராவில் மனிதனை வாட்டி எடுக்கும் நச்சை உண்டாக்கும் மரபணு, அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்து இல்லை. ஒரு ஃபேஜ் கொண்டு வந்து கொடுத்தது. 1996ல்தான் இது தெரிந்தது. தொண்டை அடைப்பான் நோயின் நச்சும் இதே போல ஃபேஜ் கொடுத்ததுதான்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தோட்டத்து ஆட்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஈரமான மண்ணிலும் சேற்றிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி என்ற பாக்டீரியாவால் வருவது. காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் உடம்புக்குள் போகலாம். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். முதலில் ரங்கூனில் கண்டார்கள். அதற்குப் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் பிளெட்சரும் அதை விரிவாக ஆராய்ந்து, 1921ல் இந்தப் பெயரை வைத்தார்கள். இந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜைத் தாய்லாந்து மண்ணிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். 25 டிகிரியில் அது பாக்டீரியாவுக்குள் அமைதியாகக் குடியிருக்கிறது, 37 டிகிரியில் வெடிக்கவைக்கிறது. மண்ணின் குளிர்ச்சியில் குடித்தனக்காரர், உடம்புச் சூட்டில் கொலைகாரர். ஒரே ஃபேஜ், ஒரே பாக்டீரியா, சூடு மட்டும் மாறுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஃபேஜ் பிடித்துக்கொள்ளும் இடத்தை மாற்றிக்கொள்ளும், அல்லது மூடிவிடும். உள்ளே வந்த அந்நிய டிஎன்ஏவை வெட்டிப் போடும் நொதியங்களை வைத்திருக்கும். இவற்றைவிட வியப்பானது, முன்பு தாக்கிய ஃபேஜின் டிஎன்ஏவில் ஒரு துண்டை வெட்டித் தன் டிஎன்ஏவுக்குள்ளேயே ஒட்டி வைத்துக்கொள்வது. காவல் நிலையத்தில் பழைய குற்றவாளியின் கைரேகை மாதிரி. அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அந்தத் துண்டோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டு வெட்டிவிடும். இதுதான் கிரிஸ்பர். இந்த வேலையை அது செய்கிறது என்று 2007ல் நிரூபித்தது தயிர், சீஸ் தயாரிப்பில் பாலை உறையவைக்கும் பாக்டீரியாக் கலவை செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள். தயிர்ப் பாக்டீரியாவை ஃபேஜ் தாக்கினால் பெரிய தொட்டியில் பால் உறையாமல் கெட்டு நட்டமாகும், அவர்களுக்கு அதுதான் கவலை. (நம் வீட்டில் தயிர் உறையாமல் போனால் ஃபேஜைக் குறை சொல்ல வேண்டாம். பால் அதிகம் சூடாகவோ ஆறியோ இருந்திருக்கும்.) பின்னால் இதே கிரிஸ்பரை மரபணுவைத் திருத்தும் கருவியாக மாற்றியதற்கு 2020ல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவுக்கும் ஃபேஜுக்கும் நடக்கும் நீண்ட சண்டையில் செய்யப்பட்ட கத்தி அது. அந்தக் கிரிஸ்பரையும் முடக்கும் புரதங்களைச் சில ஃபேஜ்கள் வைத்திருக்கின்றன.

இப்போது மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

1915ல் இங்கிலாந்தில் பிரெட்ரிக் ட்வோர்ட், 1917ல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெல் என்று இரண்டு பேர் தனித்தனியாக ஃபேஜைக் கண்டார்கள். பெயர் வைத்தவர் டெரெல். ரத்த பேதி வந்து குணமானவர்களின் மலத்தை வடிகட்டி, அதில் பேதிக் கிருமியைக் கரைக்கும் ஏதோ ஒன்று இருப்பதை அவர் பார்த்தார். 1919ல் பாரிஸில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், பேதியால் வாடிய ஒரு பையனுக்குக் கொடுப்பதற்கு முன் தானும் மற்ற மருத்துவர்களும் குடித்துப் பார்த்தார்கள். பையன் தேறினான். 1927ல் டெரெல் இந்தியாவுக்குப் போய்க் காலராவுக்கும் முயன்றார். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா 1923ல் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் தொடங்கிய ஆய்வுக்கழகம் இன்றும் நடக்கிறது. எலியாவாவை ஸ்டாலின் ஆட்சி 1937ல் கொன்றது, அவர் நட்ட மரம் மட்டும் நின்றது.

மற்ற நாடுகளில் ஃபேஜ் ஏன் மறக்கப்பட்டது? 1940களில் பெனிசிலின் வந்துவிட்டது. எந்தக் கிருமி என்று துல்லியமாகத் தெரியாமலே கொடுக்கலாம், பல கிருமிகளைக் கொல்லும், அலமாரியில் வைக்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற ஃபேஜைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருந்தது? அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பெனிசிலினுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் மசியாத கிருமிகள் பெருகிவிட்டன. 2019ல் மட்டும் இப்படி மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தாளில் ஆறு ஆர் இருந்தது என்றேனே, அதன் பின்னால் இருப்பது இந்தக் கதை.

அதனால் பழைய பெட்டியை மறுபடி திறந்திருக்கிறார்கள். 2016ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர், எகிப்துப் பயணத்தில் தொற்றிய அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவால் நினைவிழந்து கிடந்தார். எந்த மருந்தும் எடுபடவில்லை. அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோய் ஆய்வாளர். அவர் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதி எழுதிக் கேட்டு, பொருத்தமான ஃபேஜ்களைத் தேடச் செய்தார். நரம்பில் ஏற்றிய சில நாட்களில் பேட்டர்சன் கண் விழித்தார். நடுவில் அந்தப் பாக்டீரியா தப்பிக்கக் கற்றுக்கொள்ள, வேறு ஃபேஜ் தேட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமானது அடுத்த கதை. பிரிட்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு, காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. அவளுக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயிலிருந்து வருடங்களுக்கு முன் எடுத்து வைத்தது. பெயர் மடி (Muddy), ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று அர்த்தம். அவள் தேறி வந்ததை 2019ல் எழுதினார்கள். டர்பன் என்றதும் எனக்கு வேறொன்று தோன்றியது. நம் கொள்ளுப்பாட்டன்மார் ரப்பர் தோட்டத்துக்கு இங்கே வந்த மாதிரி, கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போன ஊர் அது. "அழுகின கத்தரிக்காயையா?" என்று பையன் இரண்டு தடவை கேட்டான். ஆமாம், தூக்கி எறிகிற கத்தரிக்காய்தான்.

அவன் அப்பாவின் கிருமிக்கே பொருந்தும் ஒன்றும் உண்டு. சூடோமோனாஸ் மருந்தை எப்படி எதிர்க்கிறது? அதன் தோலில் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன. உள்ளே வந்த ஆன்டிபயாட்டிக்கை வெள்ளக் காலத்தில் வீட்டிலிருந்து தண்ணீரை இறைப்பது போல வெளியே இறைத்துத் தள்ளிவிடும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், பால் டர்னர் குழு, ஒரு குளத்துத் தண்ணீரிலிருந்து ஒரு ஃபேஜைப் பிடித்தது. அது ஒட்டிக்கொள்ளும் இடம் அந்தப் பம்புதான். இப்போது பாக்டீரியா என்ன செய்யும்? பம்பை வைத்திருந்தால் ஃபேஜ் பிடிக்கும். ஃபேஜிடமிருந்து தப்பப் பம்பை மாற்றிக்கொண்டால் மருந்தை இறைக்க முடியாது, பழைய ஆன்டிபயாட்டிக்கே கொன்றுவிடும். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்ற நிலைமை. இதயத்தின் பக்கத்தில் பொருத்திய செயற்கைக் குழாயில் சூடோமோனாஸ் குடியேறி வருடக் கணக்கில் அவதிப்பட்ட ஒருவருக்கு 2016ல் இந்த ஃபேஜையும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள், நோய் போனது. ஃபேஜா ஆன்டிபயாட்டிக்கா என்று கட்சி கட்டுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டையும் சேர்த்துக் கட்டுவதில்தான் எனக்கு நம்பிக்கை.

அப்படியென்றால் ஏன் நம் ஊர் மருந்தகத்தில் கிடைப்பதில்லை? நோயாளியின் கிருமியை வளர்க்க வேண்டும், சேமிப்பில் உள்ள ஃபேஜ்களில் எது அதில் துளை போடுகிறது என்று தட்டில் பார்க்க வேண்டும், பிறகு அதைப் பெருக்க வேண்டும். வெடித்த பாக்டீரியாவின் சிதறல்கள் நச்சு, அவற்றை நன்றாக நீக்க வேண்டும். கெடாமல் வைத்திருக்கவும் வேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீப்புண் நோயாளிகளிடம் செய்த ஒரு சோதனையின் முடிவு 2019ல் வந்தது. ஃபேஜ் வழக்கமான மருந்தைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது. காரணம் பார்த்தால், தயாரித்த ஃபேஜ் இருப்பில் வீரியம் இழந்து, நினைத்த அளவில் மிகச் சிறு பங்கே நோயாளியைச் சேர்ந்திருக்கிறது. ஒருவர் குணமான கதையை வைத்து மருந்தென்று சொல்லிவிட முடியாது, நிறையப் பேரிடம் முறையாகச் சோதிக்க வேண்டும், அந்த வேலை இன்னும் முடியவில்லை. பெல்ஜியத்தில் மருத்துவர் சீட்டு எழுதினால் மருந்தகமே நோயாளிக்கு ஏற்ப ஃபேஜ் கலந்து கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். உணவில் இது எளிதாக நுழைந்துவிட்டது. இறைச்சியில் லிஸ்டீரியாக் கிருமிக்கு எதிராகத் தெளிக்கும் ஃபேஜுக்கு அமெரிக்கா 2006லேயே அனுமதி கொடுத்தது.

பையன் கடைசியாகக் கேட்டது எனக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது. "அப்ப, பெரியம்மா, ஆத்துத் தண்ணியிலயும் குளத்திலயும் ஃபேஜ் இருக்குன்னா, அப்பா கால அதுல கழுவலாமா?" கூடவே கூடாது என்று சொன்னேன். ஆற்றில் கோடிக்கணக்கான ஃபேஜ் இருக்கலாம், அதில் அவன் அப்பாவின் கிருமிக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதே தண்ணீரில் வேறு பாக்டீரியாக்கள் கட்டாயம் இருக்கும். இனிப்பு நீர் உள்ளவரின் திறந்த புண்ணில் சேறு படுவதைவிட ஆபத்து வேறில்லை. ஃபேஜை ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, எண்ணி, பொருத்தம் பார்த்த பிறகுதான் அது மருந்து.

தாளில் இரண்டு எஸ் இருக்கிறதே, அதுதான் இன்றைக்கு அவர்களுக்குள்ள வழி என்றேன். அதில் ஒன்றை டாக்டர் ஊசியாக ஆரம்பித்திருந்தார். கொடுத்த நாட்கள் முழுக்கப் போட வேண்டும், புண் காய்கிற மாதிரி தெரிந்ததும் நிறுத்தக் கூடாது, சீனி அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், தினமும் ராத்திரி பாதத்தின் அடியை யாராவது விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பையன் எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டான். துவண்ட கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்கச் சொன்னேன், கிளாஸ் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கட்டு மாற்றும்போது அவனும் கூடப் போயிருக்கிறான். சாயங்காலம் வேலிப் பக்கம் வந்து நின்றான். கழற்றிய துணியில் பச்சை இல்லையாம்.